சம்பளம் நின்ற பிறகு நான் யார்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல சேலம் மாவட்டத்திலிருந்து எழுதப்பட்டவை. எழுதியவர்களின் வயதும் தொழிலும் வேறு வேறானாலும் உழைப்பும் சாதனையும் இல்லாவிட்டால் எனக்கு மதிப்புண்டா என்ற ஒரே கேள்விதான் அவர்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபடி, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: பொதுத்துறை ஆலை ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்துச் சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். கையில் சேமிப்பு இருக்கிறது, கடன் இல்லை, மகனும் மகளும் பெங்களூருவில் நன்றாக இருக்கிறார்கள். ஷிப்ட் வேலையில் இருந்தபோது தூக்கத்துக்கு ஏங்கிய நான், இப்போது விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு, எதற்காக எழ வேண்டும் என்று தெரியாமல் படுத்துக் கிடக்கிறேன். கடைக்குப் போனால் "இப்ப என்னங்க பண்ணிட்டிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். மருமகனின் தொழிலைக் கவனித்துக்கொள்வதாகப் பொய் சொல்லிவிட்டு வருகிறேன். வீட்டிலோ, நான் சமையலறைப் பக்கம் போனாலே மனைவிக்கு இடைஞ்சலாக இருக்கிறது. வேலை போனதும் மனிதன் செல்லாக்காசுதானா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது கடை வாசலில் நீங்கள் சொல்லும் அந்தப் பொய்தான். பகலென்றும் இரவென்றும் பாராமல் உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கி, யாருக்கும் கடன்படாமல் நிற்கும் ஒருவர், மளிகை வாங்கப் போன இடத்தில் தம் மானத்தைக் காத்துக்கொள்ள இல்லாத வேலையொன்றைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். ஆளைக் கண்டதும் உத்தியோகத்தை விசாரித்து, அதை வைத்தே அவரிடம் எவ்வளவு நேரம் நின்று பேசலாம் என்று முடிவு செய்யும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டு, அறுபது வயதில் அந்த லட்சணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு எஞ்சி நிற்பவரை எப்படி மதிப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

உங்கள் தவிப்பு மனத்தின் பலவீனத்தால் வந்ததன்று என்பதற்குப் பழைய ஆய்வொன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரிய நாட்டில், வியன்னாவுக்கு அருகே, மரியந்தால் என்றொரு சிற்றூர் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்துவந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் 1929-30இல் அந்த ஆலை மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் ஆய்வுக் குழு அந்த ஊருக்குப் போய், வேலையிழந்த மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து கவனித்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டது. நாள் முழுவதும் ஓய்வாக இருப்பவர்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலோர் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ இல்லாமலே நடமாடினார்கள். பெண்களின் நடையில் அந்தத் தளர்ச்சி இல்லை. ஆலை மூடினாலும் அடுப்பும் குழந்தைகளும் அவர்களை விடவில்லை. அந்த மக்களுக்குப் பசியும் இருந்தது, உங்களுக்கு அது இல்லை. ஆனால் எதற்காக எழ வேண்டும் என்ற கேள்வி இருவருக்கும் பொது.

வேலை என்பது சம்பளத்தோடு கூட வேறு ஐந்தையும் தருகிறது என்று யஹோடா பிற்காலத்தில் விளக்கினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களின் பழக்கம், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற நிறைவு, ஊரில் ஓர் அடையாளம், உடலுக்கும் மனத்துக்கும் தொடர்ந்த அலுவல். நீங்கள் இழந்திருப்பவை இவைதாம். இவற்றில் ஒன்றுகூட உங்கள் மதிப்பு அன்று. ஆனால் இவை ஐந்தும் ஒரே நாளில், ஒரு மாலையோடும் ஒரு சால்வையோடும் பறிபோனால், மதிப்பே போய்விட்டதாகத்தான் யாருக்கும் தோன்றும். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். இழந்த பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு இடங்களிலிருந்து ஈட்டிக்கொள்ள முடியும், அதற்கு முயற்சியும் வேண்டும். மதிப்பை அப்படி ஈட்ட வேண்டியதே இல்லை. உங்கள் பிரிவில் யாருக்கேனும் கையில் அடிபட்டு, மாதக்கணக்கில் விடுப்பில் கிடந்திருந்தால் நீங்களெல்லாம் போய்ப் பார்த்திருப்பீர்கள். அவர் அந்த மாதங்களில் ஒரு டன்கூட உற்பத்தி செய்யவில்லையே, இவருக்கு எதற்காக ஆரஞ்சுப் பழம் வாங்கிப்போக வேண்டும் என்று உங்களில் எவராவது நினைத்ததுண்டா? தோழருக்கு யோசிக்காமல் கொடுத்த அந்த நியாயத்தை உங்களுக்கு மட்டும் மறுக்கிறீர்கள்.

பகுதி நேரமாக ஏதாவது கணக்கு வேலை பாருங்கள் என்று பலர் உங்களுக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். பணத் தேவை இல்லாத நிலையில், கடைக்காரருக்குப் பதில் சொல்வதற்காக மட்டும் அப்படி ஒரு வேலையில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. அது இந்தக் கேள்வியை இன்னும் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக வீட்டில் ஒரு பொறுப்பை முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள். சமையலறையில் நீங்கள் இடைஞ்சலாக இருப்பதற்குக் காரணம், அங்கே உங்களுக்கு என்று ஒன்றும் இல்லாததுதான். உங்கள் மனைவிக்குப் பணி ஓய்வு வரவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். நான்கு மணிக்கு விழிப்பவருக்குச் சூரமங்கலம் உழவர் சந்தை தொலைவில் இல்லை. காய்கறி என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எது வீணாகாமல் இருப்பது என்பது முழுவதும் உங்கள் கணக்காகட்டும். முதல் சில வாரங்கள் முற்றிய வெண்டைக்காய்க்காகத் திட்டு வாங்குவீர்கள், பிறகு பழகிவிடும். சந்தையில் நாள்தோறும் பார்க்கும் முகங்கள் உங்கள் பழைய பதவியை அறியாதவை என்பது ஒரு பெரிய விடுதலை.

கடைக்காரரிடம் இனி "ரிட்டையர் ஆகிட்டேங்க, வீட்லதான் இருக்கேன்" என்று குரலைத் தாழ்த்தாமல் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை நாக்கு கூசும். ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: விடியலுக்கு முன்பே விழிப்பு, எதிலும் ஆர்வமின்மை, பசியின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் சேர்ந்து நீடித்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

கேள்வி: என் கணவர் பட்டுத்தறி நெசவாளர். குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தாரில் சுற்றுவது, நெடுக்கே ஓடும் பாவு இழைகளைப் பிணைக்கும்போது கூட உட்காருவது, அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பது, சமையல், மாமியாரைக் குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். சேலைக்குக் கூலி அவர் பெயரில் வருகிறது. மகளின் பள்ளி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் அவளே 'ஹவுஸ் வைஃப்' என்று எழுதினாள். என் அக்கா ஆசிரியை. விசேஷ வீடுகளில் எல்லோரும் அவளைச் சுற்றி உட்காருகிறார்கள், என்னிடம் "காப்பி வந்துச்சா?" என்று கேட்பதோடு சரி. யூடியூப் பார்த்து ஏதாவது தொழில் தொடங்கு, நீயும் சாதிக்கலாம் என்கிறார்கள். எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. சாதிக்காவிட்டால் நான் ஒன்றுமில்லையா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: அம்மா, முந்தைய கடிதத்துக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்வது அநியாயம். அவருக்கு வேலை நின்றுவிட்டது. உங்களுக்கு வேலை நிற்பதே இல்லை, ஆனால் அதை வேலை என்று யாரும் எண்ணுவதில்லை. உழைப்புக்கு அப்பாற்பட்டது மனித மதிப்பு என்று உங்களிடம் நான் உபதேசம் செய்தால், உங்கள் உழைப்பை இதுவரை கணக்கில் எடுக்காதவர்களோடு நானும் சேர்ந்துகொண்டவளாவேன். முதலில் கணக்கு நேராக வேண்டும்.

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கைத்தறியை எடுத்துக்கொண்டால், 2019-20ஆம் ஆண்டின் தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் இருப்பவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். அந்தக் கணக்கெடுப்பு தறியில் உட்காருபவரை மட்டுமல்லாமல் தார் சுற்றுவது, பாவு தயாரிப்பது போன்ற துணை வேலைகளைச் செய்பவர்களையும் தொழிலாளர்களாகவே எண்ணியது. வேட்டிக்குப் பெயர்போன சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நம் ஊருக்கே பெருமை. அந்த வேட்டியின் ஊடையாகப் போன இழையைத் தாரில் சுற்றிய கை யாருடையது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்டதால்தான் கணவனால் பொருளீட்ட முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவளுக்கும் பங்குண்டு என்று தீர்ப்பளித்ததையும் உங்களுக்கு நினைவூட்டுகிறேன். சட்டம் உங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் நடந்துகொண்டிருக்கிறது.

எனவே அடுத்த விண்ணப்பத்தில், தாயின் தொழில் என்ற இடத்தில் 'நெசவுத் தொழில்' என்று எழுதச் சொல்லுங்கள். அது மிகையும் அன்று, பொய்யும் அன்று. மகளிடம் கோபிக்க வேண்டாம்; அவள் கண்ட வழக்கத்தை எழுதினாள். ஒரு விடுமுறை நாளில் அவளைத் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு சேலை அறுபட்டு இறங்குவதற்குள் உங்கள் கை அதில் எங்கெங்கே படுகிறது என்று காட்டுங்கள். கூலி வாங்கும் நாளில் கணவரோடு நீங்களும் போய் வாருங்கள். நல்ல மனிதராக இருந்தால் முதலில் வியப்பார், பிறகு ஏன் இது இத்தனை நாள் தோன்றவில்லை என்று நினைப்பார்.

இனி, சாதிக்க வேண்டும் என்ற பேச்சு. உங்களைப் போன்ற பெண்களிடம் இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் ஏற்கெனவே நிறைந்து வழியும் நாளின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. உங்களுக்கு இப்போது வேண்டியது தையல் இயந்திரமோ யூடியூப் சேனலோ அன்று. எவருக்கும் பயன்படாத ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மாமியாரைக் கணவரோ மகளோ பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் கோயில் திண்ணையில் உட்காரலாம், பழைய தோழியிடம் பேசலாம், தூங்கலாம். அதிலிருந்து ஏதாவது விளைய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது, நீங்களும்தான். சிறு எச்சரிக்கையும் உண்டு: 'நான் இல்லாவிட்டால் இந்த வீடு நடக்காது' என்ற எண்ணத்தில் மட்டும் உங்கள் மதிப்பை வைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போகும் நாளில், சூரமங்கலத்துக்காரர் எழுதிய கடிதத்தை நீங்கள் எழுத நேரிடும்.

உங்கள் அக்காவைச் சுற்றிக் கூடும் கூட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லிப் பார்த்தீர்களா? பல குடும்பங்களில், மதிக்கப்படுகிறவருக்கு மதிக்கப்படாதவரின் இருப்பே கண்ணில் படுவதில்லை; சொன்னால் தம் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். உழைப்பே உயர்வு என்று வளர்ந்தவன். இப்போதெல்லாம் பத்திரிகைகளில், உன் மதிப்பு உன் உழைப்பில் இல்லை என்று எழுதுகிறீர்கள். இதைப் படிக்கும் இளைஞர்கள் சோம்பேறிகளாக மாட்டார்களா? இப்போதே பட்டறைக்கு ஆள் கிடைப்பதில்லை.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உங்கள் கவலை நியாயமானது, உழைப்பை இழிவாகப் பேசும் எந்த எழுத்தையும் நானும் ஏற்பதில்லை. ஆனால் உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். வெள்ளி விலை கிடுகிடுவென ஏறும் மாதங்களில் ஆர்டர் குறைகிறது, கம்பி இழுப்பவர் முதல் மெருகு போடுபவர் வரை கைகட்டி உட்காருகிறார்கள். அவர்களுடைய கைத்திறன் அதேதான், சுறுசுறுப்பும் அதேதான். விலையை ஏற்றியது எங்கோ உலகச் சந்தை. ஒருவருடைய மதிப்பு அவர் செய்து முடிக்கும் கொலுசின் எண்ணிக்கையில் இருந்தால், அந்த மாதங்களில் உங்கள் தொழிலாளியின் மதிப்பும் இறங்கிவிட்டதாக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒப்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வேலை இல்லாத வாரங்களிலும் முன்பணம் கொடுத்து ஆட்களைக் காப்பாற்றும் பட்டறைக்காரர்கள் உங்கள் பேட்டையில் உண்டு. அவர்கள் கணக்கு நோட்டில் எழுதாத ஒன்றை மதித்துத்தான் அதைச் செய்கிறார்கள்.

சோம்பல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்வர்ட் டெசி என்னும் அமெரிக்க உளவியலாளர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், விருப்பத்தோடு புதிர் விடுவித்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து, பிறகு நிறுத்தினார். பணம் வாங்கியவர்களுக்கு, அது நின்றதும், அந்தப் புதிரின் மேல் இருந்த ஆசை குறைந்துபோனது. வேலையின் மேல் உள்ள விருப்பம், வெளியிலிருந்து வரும் அளவீட்டால் எப்போதும் வளர்வதில்லை. கூலி நியாயமாக இருக்கட்டும், அது கட்டாயம். அதற்கு மேல், தான் பற்றவைத்த மணியின் நேர்த்தியைப் பட்டறையில் யாராவது நின்று பார்க்கிறார்களா என்பது இளைஞனுக்கு முக்கியம். உங்களிடம் ஆள் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: இரண்டு முறை நீட் தேர்வு எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. பயிற்சிக் கட்டணத்துக்காக அப்பா நிலத்தை அடமானம் வைத்திருக்கிறார். உறவினர் யார் வந்தாலும் நான் மாடிக்குப் போய்விடுகிறேன். என்னால் வீட்டுக்கு நஷ்டம் மட்டுமே. நான் இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.
– வாசகர், ஓமலூர்

பதில்: தம்பி, உன் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த எண்ணம் வரும்போது தனியாக மாடியில் இருக்காதே. 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணிலோ, தமிழக அரசின் 104 என்ற எண்ணிலோ அழை. இரண்டும் கட்டணமற்றவை, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே அம்மாவிடமோ அப்பாவிடமோ இந்த வரியை அப்படியே சொல். அடமானத்தைவிடப் பெரிய இழப்பு எது என்பதில் அவர்களுக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இருக்காது.

ஜெனிஃபர் கிராக்கர் என்னும் உளவியலாளரும் அவர் குழுவினரும், மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இடம் கிடைத்ததாகச் செய்தி வந்த நாளில் மாணவர்களின் சுயமதிப்பு ஏறியது, மறுப்பு வந்த நாளில் இறங்கியது; தம் மதிப்பு முழுவதையும் படிப்பின் மேல் வைத்திருந்தவர்களுக்கே இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருந்தது. உன் நிலை இதுதான். தேர்வு உன் இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் ஒரு மதிய நேரத்தில் அளந்தது. உன்னை அளக்க அதற்கு வழி கிடையாது. மதிப்பெண்ணால் பிள்ளைகளை வரிசைப்படுத்திக் கொண்டாடுவது தீங்கு என்று உணர்ந்துதான் தமிழக அரசு 2017 முதல் பொதுத்தேர்வுகளில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. உறவினர்கள் இன்னும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

நிலத்தை அடமானம் வைத்தது அப்பா எடுத்த முடிவு, அன்பினால் எடுத்தது. அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எழுதப்பட்ட தொகை, எழுதப்படாத தொகையைவிடச் சிறியதாகவே இருக்கும். மூன்றாம் முறை எழுதுவதா, வேறு படிப்பில் சேர்வதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம். மருத்துவம்தான் விருப்பம் என்றால் செவிலியர், மருந்தியல், இயன்முறை சிகிச்சை என நோயாளியின் பக்கத்தில் நிற்கும் படிப்புகள் பல உண்டு. விருப்பம் இல்லை, ஊர் மெச்ச மட்டுமே எழுதினேன் என்றால், அதையும் இப்போதே சொல்லிவிடு.

கேள்வி: எங்கள் ஆயாவுக்கு 78 வயது. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்து, எடை போட்டுக் கூலி வாங்கி, எங்கள் அம்மாவையும் மாமன்களையும் வளர்த்தவர். முழங்கால் போனதால் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறார். இப்போது சோற்றைக் குறைத்துக்கொண்டே வருகிறார். கேட்டால் "உழைக்காத சோறு தொண்டையில இறங்கல கண்ணு" என்கிறார். "நீ உழைச்சதெல்லாம் போதும், சும்மா உக்காரு" என்று நாங்கள் சொல்லச் சொல்ல இன்னும் குறைக்கிறார். நான் சேலத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், வாரம் ஒரு முறைதான் மேலே போக முடிகிறது. என்ன சொல்லி அவரைச் சாப்பிட வைப்பது?
– வாசகி, ஏற்காடு

பதில்: முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் உணவு குறைவதற்குப் பல் வலி, விழுங்குவதில் தடை, இரத்தசோகை, மாத்திரைகளின் பக்கவிளைவு, மனச்சோர்வு எனப் பல காரணங்கள் இருக்கலாம். பெரியவர்கள் உடல் உபாதையை மறைத்து வேறு காரணம் சொல்வதும் உண்டு. மலைப்பாதையில் இறங்கி வருவது சிரமமானால், 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பணியாளர்களைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உடலில் கோளாறு இல்லை என்று தெரிந்தால், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பிப் பழம் பறிப்பு ஆண்டில் சில மாதங்கள்தான். நவம்பரில் தொடங்கித் தை மாதத்தோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் களையெடுப்பு, கவாத்து, கிடைத்த கூலி வேலை என்று ஓடியிருப்பார். வேலைக்குப் போகாத நாள் அடுப்பு எரியாத நாள் என்ற விதியோடு வாழ்ந்தவர் அவர், அந்த விதிதான் உங்கள் அம்மாவை உயிரோடு வைத்திருந்தது. அதைப் போய், உழைத்ததெல்லாம் போதும் என்ற ஒரு வாக்கியத்தால் கலைத்துவிட முடியாது. நீங்கள் அன்பாகச் சொல்லும் அந்த வாக்கியம் அவர் காதில், இனி உன்னால் ஒன்றும் ஆகாது என்று விழுகிறது. சிலர் பொய்யான வேலை கொடுத்துப் பார்ப்பார்கள், ஆய்ந்த கீரையையே மறுபடி ஆயச் சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். வாழ்நாள் முழுவதும் எடைத் தராசுக்கு முன் நின்றவருக்கு எது நிஜமான வேலை, எது விளையாட்டு என்று நன்றாகத் தெரியும்.

அடுத்த முறை போகும்போது, அவரை எதற்கும் சம்மதிக்க வைக்க முயலாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "அந்தக் காலத்துல வேலைக்குப் போக முடியாதவங்க யாருக்கெல்லாம் ஆயா நீ சோறு போட்ட?" அவர் வரிசையாகச் சொல்வார். அவருடைய மாமியார் இருந்திருப்பார், காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரி இருந்திருப்பாள், கைக்குழந்தையாக இருந்த உங்கள் அம்மாவும் மாமன்களும் இருந்திருப்பார்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாதீர்கள். பிறகு, அவர்கள் சாப்பிட்டதை நீ கடன் என்று நினைத்தாயா, அவர்கள் தட்டில் குறைத்துப் போட்டாயா என்று கேளுங்கள். இதற்கு அவர் கோபப்படலாம், அழலாம், பேச்சை மாற்றலாம். நீங்கள் பதிலை அவர் வாயில் திணிக்க வேண்டாம். உழைத்தவருக்குத்தான் சோறு என்ற விதியை அவரே பல முறை மீறியிருக்கிறார் என்பதும், அப்படி மீறிய இடங்களில்தான் ஒரு குடும்பம் உருவாயிற்று என்பதும் அவருக்கே தெரிந்த விஷயம்; அதை அவர் வாயாலேயே கேட்க நேர்வதுதான் முக்கியம்.

வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி, அவருக்கு மட்டும் தனியாகத் தட்டு வைப்பதை நிறுத்துங்கள். எல்லோரும் உட்காரும் நேரத்தில் அவரும் உட்காரட்டும், நாற்காலி போட்டாவது. குழைந்த சோறோ கேழ்வரகுக் களியோ, அவருக்குப் பிடித்தது எதுவோ அது இருக்கட்டும். "சாப்பிடு, சாப்பிடு" என்று வற்புறுத்தாமல் பக்கத்தில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலே கூடுதலாக இரண்டு கவளம் உள்ளே போகும். அவருக்கு உண்மையில் தெரிந்தவற்றையும், உங்களுக்கு உண்மையில் தேவையானவற்றையும் கேளுங்கள்: சாமையை எப்படிக் குத்திப் புடைப்பது, மேலே சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பழைய நாளில் எந்த வழியாக நடந்து போனார்கள், உங்கள் அம்மா பிறந்த அன்று மழையா வெயிலா. கேட்பதற்காக மட்டும் கேட்காமல், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்குவார்.

வாரம் ஒரு முறைதான் போக முடிகிறது என்பதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் வீட்டில் ஒருவர் அவர் சாப்பிடும் அளவை நாள்தோறும் குறித்து வைக்கட்டும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை பார்க்கட்டும். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, தண்ணீரையும் மறுத்தாலோ, போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்பது போல் பேசினாலோ, உங்கள் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள்.